ஒரே ஒரு எலைசா பிளேற்: சலத்தில எந்த மார்க்கரைப் பாக்கிறது?

வடலி (#1)

எல்லாருக்கும் வணக்கம். 96 குழி எலைசா கிட் (பிறபொருளெதிரியால ஒரு புரதத்தைப் பிடிச்சு, நிறத்தால அளக்கிறது) ஒண்டுக்கு மட்டும் காசு இருக்கு. சலத்தில சிறுநீரக அழற்சியைக் காட்டுற மார்க்கர் ஒண்டை அளந்து, வருத்தம் இனி எந்தப் பக்கம் போகும் எண்டு பாக்கிற சின்ன ஆய்வு. ஆக்கள் இரண்டு கூட்டம்: சலரோகம் வந்து பத்து வருசம் தாண்டினவை, லூபஸ் (உடம்பின்ர எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கிற வருத்தம்) கிளினிக்குக்கு வாறவை.

கையில உள்ளது: ஏசிஆர் (சலத்தில அல்புமினுக்கும் கிரியற்றினினுக்கும் உள்ள விகிதம்) செய்யிற மெசின், மேசை மையநீக்கி, –20 பிறீசர், இன்னொரு பகுதியோட பங்கு போடுற –80 பிறீசர், சாதாரண நுணுக்குக்காட்டி. என்கால், கிம்-1, எம்சிபி-1 எண்டு மூண்டுக்கும் விலை கேட்டாச்சு, பெரிய வித்தியாசம் இல்லை. எதை வாங்கலாம்?

ஏழாலை_எம்எல்ரி (#2)

தம்பி, மார்க்கரை விடுங்கோ, முதல்ல குழியை எண்ணுங்கோ. நியமம் (அளவு தெரிஞ்ச கரைசல்) ஏழு, வெறுமை ஒண்டு, இரட்டையாப் போட்டால் 16 குழி போச்சு. கட்டுப்பாட்டு மாதிரி மேல ஒண்டு கீழ ஒண்டு, அதுவும் இரட்டை, 4 குழி. மிச்சம் 76. ஆக 38 சலம். "இனி எப்பிடிப் போகும்" எண்டு கேக்கிற ஆய்வுக்கு ஒரு ஆளிட்ட ஒருக்கா எடுத்தால் காணாது, குறைஞ்சது இரண்டு தரம் வேணும். ஆக 19 பேர். இரண்டு கூட்டமாப் பிரிச்சால் ஒரு பக்கம் ஒன்பது பத்துப் பேர்தான் வருவினம்.

அடுத்தது, நீங்கள் கேக்கிறது ஒரு கேள்வி இல்லை, மூண்டு. இப்ப அழற்சி இருக்கோ? சிறுநீரகத்தின்ர எந்த இடத்தில? இன்னும் ரெண்டு மூண்டு வருசத்தில எவ்வளவு மிஞ்சும்? மூண்டுக்கும் ஒரே மார்க்கர் பதில் சொல்லாது. எது எங்கயிருந்து சலத்துக்கு வருது எண்டு பாத்தால் விளங்கும்.

அல்புமின் கலன்கோளத்து (இரத்தத்தை வடிக்கிற நுண்குழாய்ப் பந்து) வடி ஓட்டையாகிறதாலயும், வடிஞ்சதை அண்மைச் சிறுகுழல் திருப்பி எடுக்காததாலயும் வரும். கிம்-1 அண்மைச் சிறுகுழல் கலத்தின்ர மென்சவ்வில இருக்கிற புரதம். கலம் காயப்பட்டால் வெளித்துண்டு வெட்டுப்பட்டுச் சலத்தில விழும். நல்ல சிறுநீரகத்தில அது இல்லை எண்டே சொல்லலாம். என்கால் 25 கிலோடால்ற்றன் புரதம், தூரத்துச் சிறுகுழலும் நடுநிலைநாடி வெண்கலங்களும் இரண்டும் விடும். (வெண்கலத்தை மறக்காதேங்கோ, பிறகு அதுதான் கழுத்தறுக்கும்.) எம்சிபி-1 மொனோசைற்றை இழையத்துக்குள்ள கூப்பிடுற சைகை. கரையும் சிடி163 மக்ரோபேஜ் வந்து குந்தினதுக்கு அடையாளம். இஜிஎஃப் இதுக்கெல்லாம் தலைகீழ்: நல்லா இருக்கிற தடித்த ஏறுபுயமும் தூரத்துச் சிறுகுழலும்தான் அதைச் செய்யும், சிறுகுழல் அழிஞ்சு தழும்பானால் குறையும். யூரோமொடுலினும் அப்பிடித்தான்.

ஆக அழற்சிக்கு எம்சிபி-1, சிடி163. காயத்துக்கு கிம்-1, என்கால். மிஞ்சியிருக்கிற சொத்துக்கு இஜிஎஃப். உங்கட கேள்வி எது?

தீவான் (#3)

எதிர்காலத்தைப் பற்றித்தான் கேள்வி என்றால் சலரோகக் கூட்டத்துக்கு எலைசாவே தேவையில்லை. ஈஜிஎஃப்ஆரும் (இரத்தக் கிரியற்றினினிலிருந்து கணிக்கும் சிறுநீரக வடிகட்டல் வேகம்) ஏசிஆரும் சேர்ந்தால் போதும். இந்த இரண்டையும் தாண்டி புது மார்க்கர் எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறது என்பதுதான் சோதனை. அதில் பல மார்க்கர்கள் தோற்றுப்போயின. நாட்பட்ட சிறுநீரக நோயாளரைப் பின்தொடர்ந்த அமெரிக்காவின் கிறிக் ஆய்வில் சல என்கால் கூடியவர்களுக்குச் சிறுநீரகம் வேகமாகக் கெட்டது உண்மை. ஆனால் ஏசிஆரையும் ஈஜிஎஃப்ஆரையும் கணக்கில் எடுத்த பிறகு என்கால் கணிப்பைத் திருத்தவில்லை. சலப் புரதத்துண்டுகள் 273ஐ வைத்துச் செய்த சிகேடி273 என்ற வகைப்படுத்தி ஆபத்தானவர்களைச் சரியாகப் பிடித்தது. ஆனால் அதை வைத்து ஆளைத் தெரிந்து ஸ்பைரனோலக்ரோன் கொடுத்த பிரையொரிட்டி ஆய்வில் (2020) மருந்து அல்புமின் கசிவைத் தடுக்கவில்லை.

ஏசிஆர் எல்லைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், இருந்தாலும் அலகைக் குழப்புகிறவர்கள் இருப்பதால் எழுதுகிறேன். ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 30 மி.கி. வரை ஏ1 (இயல்பு), 30 தொடக்கம் 300 வரை ஏ2 (கூடியது), அதற்கு மேல் ஏ3 (மிகக் கூடியது). மி.மோலுக்கு மி.கி. என்று றிப்போட் வந்தால் 3, 30. மாற்றும் எண் 8.84. "6.4" என்று வந்த றிப்போட்டைப் பார்த்து "30க்குக் கீழேதானே, நல்லது" என்று சொல்லி அனுப்புவதுதான் பெரிய பிழை. அது 57, ஏ2.

ஈஜிஎஃப்ஆர் 60க்குக் கீழ் வந்தவர்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு ஆபத்துச் சமன்பாடு, கேஎஃப்ஆர்ஈ, இருக்கிறது. வயது, பால், ஈஜிஎஃப்ஆர், ஏசிஆர் நாலும் போதும். இணையத்தில் போடும்போது வட அமெரிக்கா அல்லாத நாடுகளுக்கான வடிவத்தைத் தெரியுங்கள். ஐந்து வருட ஆபத்து 3 தொடக்கம் 5 வீதத்தை எட்டினால் சிறுநீரக நிபுணரிடம் அனுப்பலாம். இரண்டு வருட ஆபத்து 10 வீதம் தாண்டினால் பல துறையினர் சேர்ந்து பார்க்க வேண்டும். 40 வீதம் தாண்டினால் டயலிசிசுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ ஆயத்தம் தொடங்க வேண்டும். சர்வதேச சிறுநீரக அமைப்பான கேடிகோவின் 2024 வழிகாட்டி சொல்வது இதுதான்.

கற்கண்டு (#4)

ஒரு இடைக்கேள்வி. யூஎஃப்ஆரில (சல முழு றிப்போட்) வெண்கலம் 20, 25 எண்டு வருது, கல்ச்சரில ஒண்டும் வளரேல்லை. இதைச் சிறுநீரக அழற்சி எண்டு எடுக்கலாமோ? மற்றது, இஞ்ச வலிகாமக் கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று கூட எண்டபடியால் சலத்தில தோய்க்கிற ஸ்ரிப்பில நைத்திரைற்று பொசிற்றிவ் வரும் எண்டு ஒரு கதை இருக்கு. உண்மையோ?

ஏழாலை_எம்எல்ரி (#5)

தண்ணிக் கதை பிழை. குடிக்கிற நைத்திரேற்று சலத்தில நைத்திரேற்றாத்தான் போகும். ஸ்ரிப் பிடிக்கிறது நைத்திரைற்றை. அதை இதாக்க சலப்பையில பக்ரீரியா வேணும், அதுவும் சலம் நாலு மணித்தியாலமாவது உள்ள நிக்க வேணும். ஆக தோட்டக்காணிக் கிணறு பக்ரீரியாவுக்குத் தீனி குடுக்கும், தானா நிறம் மாத்தாது. நைத்திரைற்றுக் கட்டம் சும்மா சும்மா இளஞ்சிவப்பாகுது எண்டால் ஸ்ரிப் போத்தலைப் பாருங்கோ. மூடியைத் திறந்து வைச்சிட்டு வேலை செய்தால் எங்கட ஈரக்காத்திலயே அந்தக் கட்டம் பொய்யா நிறம் காட்டும். எடுத்த உடன மூடோணும். உள்ள இருக்கிற ஈரமுறிஞ்சிப் பையை எறியக்கூடாது. பிரிட்ஜுக்குள்ளயும் வைக்கக்கூடாது, வெளியில எடுக்கேக்க வேர்க்கும்.

ஸ்ரிப்பைத் தோய்ச்சுப்போட்டு எல்லாக் கட்டத்தையும் ஒரே நேரத்தில வாசிக்கிறதும் பிழை. பழக்கமான பத்துக் கட்ட ஸ்ரிப்பில சீனி 30 செக்கன், புரதமும் இரத்தமும் 60, வெண்கல எஸ்ரறேஸ் 120. விற்றமின் சி 1000 குளிசை கரைச்சுக் குடிச்ச ஆளுக்கு இரத்தம் இருந்தும் இல்லை எண்டு காட்டும். சலம் காரமாகி பிஎச் 8க்கு மேல போனால் புரதம் இல்லாமலே பச்சையாகும். இன்னொண்டு, அந்தப் புரதக் கட்டத்துக்குத் தெரிஞ்சது அல்புமின் மட்டும்தான்.

இனி கல்ச்சர் நெகற்றிவ் வெண்கலம். அதை நேரா அழற்சி எண்டு எழுதக்கூடாது. ஏற்கெனவே அன்ரிபயோற்றிக் விழுங்கியிருக்கலாம், கல்லு, காசநோய், கிளமிடியா, பெண்களில வெள்ளைபடுதல் கலந்தது, இதெல்லாம் வரும். சிறுநீரகத்துக்குள்ள இருந்துதான் வருது எண்டு சொல்ல ஒரு சாட்சி வேணும். அந்தச் சாட்சி காஸ்ட், சிறுகுழலுக்குள்ள புரதம் உறைஞ்சு வார்ப்பா வாற உருளை.

காஸ்ட் ஏன் எங்கட றிப்போட்டில வாறேல்லை? சலத்தில இல்லாமல் இல்லை, நாங்கள் உடைக்கிறம். 400 ஜி விசையில 5 நிமிடம் எண்டது நியமம். மையநீக்கியில ஜி எழுதியிருக்காது, சுழற்சிதான் இருக்கும். கணக்கு: ஜி = 0.00001118 × ஆரை செ.மீ. × சுழற்சியின்ர வர்க்கம். ஆரை 15 செ.மீ. எண்டால் 400 ஜிக்கு நிமிடத்துக்கு 1550 சுழற்சி காணும். 10 செ.மீ. எண்டால் 1900. "3000இல விடு" எண்டு ஆரோ சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு விட்டால் 15 செ.மீ. ஆரையில 1500 ஜி போகும். காஸ்ட் பொடிப்பொடியாகி "குருணல் படிவு" எண்டு றிப்போட்டில ஏறும். அடிமட்டத்தை எடுத்து அச்சின்ர நடுவில இருந்து ரியூபின்ர அடி வரைக்கும் (ரியூப் விரிஞ்சு நிக்கிற நிலையில) அளந்து, சுழற்சியை ஒரு துண்டில எழுதி மெசினில ஒட்டுங்கோ.

10 மி.லீ. எடுத்து, சுத்தினாப் பிறகு மேல 9.5 மி.லீ. ஐக் குழாயியால உறிஞ்சி எடுக்கோணும். கவிழ்த்து ஊத்தினால் எவ்வளவு மிஞ்சுது எண்டு ஆருக்கும் தெரியாது. மிஞ்சின அரை மி.லீ. ஐ மெதுவாத் தட்டிக் கலந்து 50 மைக்ரோலீற்றர் வில்லையில. பேஸ் கொன்ராஸ்ற் இல்லாட்டி கண்டென்சரை இறக்கி டயபிரத்தை ஒடுக்குங்கோ. வெளிச்சம் கூடினால் கண்ணாடி மாதிரி இருக்கிற ஹயலின் காஸ்ட் கண்ணுக்குப் படாது. முதல் 10 மடங்கில வில்லையின்ர ஓரம் சுத்தி வாருங்கோ, காஸ்ட் ஓரத்துக்குத்தான் ஒதுங்கும்.

40 மடங்கில செங்கலத்தின்ர வடிவத்தைப் பாருங்கோ. சலப்பையில, கல்லில வந்த இரத்தம் எண்டால் எல்லாம் ஒரே வட்டம். கலன்கோளத்தால பிதுங்கி வந்தது எண்டால் ஒண்டு பெருசு ஒண்டு சிறுசு, சிலது வளையத்தில மொட்டு முளைச்ச மாதிரி. அந்த மொட்டு முளைச்சது அகந்தோசைற்று. நூறு எண்ணி அதில அஞ்சுக்கு மேல எண்டால் கலன்கோள அழற்சிப் பக்கம் சாயலாம். செங்கலக் காஸ்ட் ஒண்டு கண்டாலே போதும், உடன கூப்பிட்டுச் சொல்லுற றிப்போட் அது. வெண்கலக் காஸ்ட் இடையிழைய அழற்சியிலயும் சிறுநீரகத் தொற்றிலயும் வரும்.

நேரம் இரண்டு மணித்தியாலம், ஒண்டுக்குள்ள எண்டால் நல்லம். சாரடர்த்தி 1.010க்குக் கீழ இருந்தால் செங்கலம் ஊதி வெடிக்கும், காரமான சலத்தில காஸ்ட் கரையும். ஆக "ஒண்டும் இல்லை" எண்டு எழுதமுதல் பிஎச்சையும் சாரடர்த்தியையும் பாத்திட்டு எழுதுங்கோ.

கற்கண்டு (#6)

விளங்கிச்சு. இயோசினோபில் நிறம் போட்டுப் பாத்தால் மருந்தால வந்த இடையிழைய அழற்சியைப் பிடிக்கலாம் எண்டும் சொல்லுவினம்...

தீவான் (#7)

அதை விட்டுவிடுங்கள். பயொப்சியோடு ஒப்பிட்ட பெரிய தொகுப்பில் 1 வீத எல்லையில் உணர்திறன் சுமார் 31 வீதம்தான். நாணயத்தைச் சுண்டுவது மலிவு. இந்த இடத்துக்கு இப்போது நம்பிக்கை தருவது சல சிஎக்ஸ்சிஎல்9. ரீ கலங்கள் சிறுகுழலுக்குள் புகும்போது கூடுகிற கெமோக்கைன். 2023இல் வெளியான வேலையில் இடையிழைய அழற்சியை மற்றக் காரணங்களிலிருந்து நன்றாகப் பிரித்தது. ஆனால் இங்கே வாடிக்கையாகச் செய்கிற லேப் வரும்வரை ஒமிப்பிரசோல், டைக்ளோபெனாக், குளொக்சசிலின் எப்போது தொடங்கினது என்று திகதி கேட்டு எழுதுவதுதான் பிரயோசனம்.

வடலி (#8)

ஏழாலை அண்ணை, நன்றி. மையநீக்கியை அளந்தன், ஆரை 14.5. இவ்வளவு நாளும் 2500இல சுத்தினது. 😐

என்காலைப் பற்றி இன்னும் ஒருக்கா. கனக்கக் கட்டுரை இருக்கே, ஏன் எல்லாரும் ஒதுக்கிறியள்?

தீவான் (#9)

ஒதுக்கவில்லை, இடம் வேறு. என்கால் நேரம் தெரிந்த காயத்துக்குச் செய்த மார்க்கர். 2005இல் இதய சத்திரசிகிச்சை செய்த 71 பிள்ளைகளில் இரண்டு மணித்தியாலத்திலேயே சல என்கால் ஏறியது. கிரியற்றினின் ஏற ஒன்று தொடக்கம் மூன்று நாள் எடுத்தது. காயம் எப்போது நடந்தது என்பது மணிக்கூட்டில் இருந்ததால் அப்படி வடிவாகத் தெரிந்தது. அமெரிக்க எஃப்டிஏ 2023 டிசெம்பரில் சல என்காலுக்கு அனுமதி கொடுத்ததும் தீவிர சிகிச்சையில் உள்ள 3 மாதம் தொடக்கம் 21 வயது வரையானவர்களுக்குத்தான். அதற்கு முதல் 2014இல் அனுமதி பெற்றது ரிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி7 இரண்டையும் பெருக்கும் நெஃப்ரோசெக், எல்லை 0.3. அதுவும் அடுத்த 12 மணித்தியாலத்தைத்தான் சொல்லும், அடுத்த வருடத்தை இல்லை.

மாரி மழையோடு எலிக்காய்ச்சல் வருகிற வயல் பக்கத்து ஆட்களில் என்காலுக்கு ஒரு இடம் இருக்கலாம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் பட்டதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் அங்கேயும் ஆள் வரும்போது காய்ச்சல் நாலாம் ஐந்தாம் நாள், காயம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

ஏழாலை_எம்எல்ரி (#10)

அதோட சலத்தொற்று. சலரோகக் கூட்டத்தில, அதுவும் வயசான பெண்களில, வெண்கலம் இல்லாத சலம் தேடோணும். வெண்கலமே என்காலை விடும் எண்டு மேல சொன்னனான். சுத்தாமல் பிறீசரில வைச்சால் பனியில வெண்கலம் உடைஞ்சு உள்ள இருந்ததும் கொட்டும். பிறகு நீங்கள் அளக்கிறது சிறுநீரகத்தை இல்லை, சலப்பையை.

குளிர்ப்பெட்டி (#11)

பிறீசர் கதை வந்தபடியால் நானும் எழுதிறன். வடலி, எந்தக் கிட் வாங்கினாலும் கெடுறது பிளேற்றில இல்லை, அதுக்கு முதல்.

சலம் எடுக்கிறது: ஏசிஆருக்குக் காலமை முதல் சலம் நல்லம், கூடுதலாக் கிடந்து எழும்பினதால நாளுக்கு நாள் ஆடுறது குறைவு. ஆனா அது இரவு முழுக்கப் பையில நிண்டது, கலம் உடைஞ்சிருக்கும். படிவு பாக்க இரண்டாவது காலமைச் சலம் நல்லம். இரண்டையும் ஒரே கப்பில முடிக்கப் பாக்காதேங்கோ, இரண்டு கப் குடுங்கோ. முதல் நாள் தோட்டத்தில கடும் வேலை, காய்ச்சல், மாதவிடாய், சலத்தொற்று, சீனி ஏறிக் கிடக்கிறது, இதில ஒண்டு இருந்தாலும் ஏசிஆர் கூடும், பிறகு ஒரு நாள் எடுங்கோ. ஒருக்காக் கூடினதை வைச்சு ஏ2 எண்டு பெயர் வைக்கக்கூடாது, மூண்டு தரத்தில இரண்டு கூடியிருக்கோணும்.

வைக்கிறது: ஏசிஆர் மட்டும் எண்டால் பிரிட்ஜில 2–8 பாகையில ஒரு கிழமை தாங்கும். –20இல வைச்சால் அல்புமின் வீழ்படிவாகி அளவு குறையும், அந்த –20ஐ மறந்திடுங்கோ. எலைசாவுக்கு எடுத்த சலத்தைச் சுத்தி, மேல் நீரை 0.5 மி.லீ. படி நாலு ரியூபில பிரிச்சு –80இல. நாலு ஏன் எண்டால் ஒருக்கா உருக்கினதைத் திருப்பி உறைய வைக்கக்கூடாது. கரண்ட் போய் ஜெனரேற்றர் பிந்தினால் பிறீசர் கதவைத் திறக்காதேங்கோ. உள்ள ஒரு சின்னக் கப்பில தண்ணியை உறைய வைச்சு, மேல ஒரு ஒரு ரூபாய் நாணயம் போட்டு விடுங்கோ. நாணயம் கீழ போயிருந்தால் ஆள் இல்லாத நேரம் உருகி உறைஞ்சிருக்கு. பங்கு பிறீசருக்கு இதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

உருக்கிறது: 37 பாகைத் தண்ணித் தொட்டியில, பிறகு நல்லாக் கலக்கோணும். அடியில வெள்ளையா நிக்கிற படிவுக்குள்ளயும் புரதம் இருக்கு.

பிளேற்: கிட் புத்தகத்தில "அறை வெப்பநிலை" எண்டால் 18–25. சித்திரை வைகாசியில எங்கட அறை 33. ரிஎம்பி (கடைசியில நிறம் தாற கரைசல்) நிறம் பாய்ஞ்சு ஏறும், மேல் நியமம் இரண்டும் மெசின் வாசிக்கிற எல்லையைத் தாண்டி ஒரே எண்ணாத் தட்டையாகும், வெறுமையும் கூடும். ஏசி போட்டு அறை குளிர்ந்த பிறகு தொடங்குங்கோ. ஆனா ஏசிக் காத்துக்கு நேர பிளேற்றை வைச்சால் ஓரக் குழியெல்லாம் காய்ஞ்சு, நடுக்குழி ஒரு எண் ஓரக்குழி ஒரு எண் வரும். ஒட்டுத்தாளால மூடுங்கோ. ஒத்தைக் குழாயியால 96 குழிக்கும் விட்டால் முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் இடையில பத்து நிமிசம் வரும். சலங்களை முதல்ல ஒரு வெத்துப் பிளேற்றில ஒழுங்குபடுத்தி வைச்சு எட்டுக் குழாயியால மாத்துங்கோ. நிறுத்தி விட்ட பிறகு 450இல வாசிச்சு 570ஐக் கழியுங்கோ.

வடலி (#12)

அக்கா, ஐதாக்கல் எவ்வளவு?

குளிர்ப்பெட்டி (#13)

அதைத்தான் சொல்ல விட்டுட்டன். புத்தகம் சீரத்துக்கு எழுதியிருக்கும், சலத்தில யூரியாவும் உப்பும் பிஎச்சும் பிறபொருளெதிரி ஒட்டுறதைக் குழப்பும். கிட் எட்டுக் குழி நாடாவாக் கழட்டக்கூடியது எண்டால் முதல் இரண்டு நாடாவை மட்டும் எடுத்து ஓடுங்கோ. ஒரு நாடா முழுக்க நியமம், ஒற்றையா. மற்ற நாடாவில இரண்டு சலம், ஒவ்வொண்டும் 1:2, 1:4, 1:8, அதோட அறிஞ்ச அளவு நியமம் கலந்த சலம் இரண்டு குழி. ஐதாக்கலால திருப்பிப் பெருக்கேக்க மூண்டும் ஒண்டோடொண்டு ஒத்துவரோணும், கலந்தது 80 தொடக்கம் 120 வீதம் திரும்பி வரோணும். 1:2இல குறைவா, 1:8இல கூடவா வந்தால் சலம் தடுக்குது, கூட ஐதாக்கோணும்.

16 குழி இதில போகும். மிச்சம் 80. நியமமும் கட்டுப்பாடும் 20. அறுபது குழி, 30 சலம், 15 பேர்.

ஏழாலை_எம்எல்ரி (#14)

19 பேர் எண்டு தொடங்கினது 15இல வந்து நிக்குது. 🙂 அல்புமின் மெசினிலயும் ஒரு பொறி இருக்கு, அதையும் இதோட சொல்லிவிடுறன். ஸ்ரிப்பில புரதம் மூண்டு பிளஸ், மெசினில அல்புமின் 40 எண்டு வந்தால் மெசினை நம்பாதேங்கோ. அல்புமின் அளவுக்கு மிஞ்சினால் பிறபொருளெதிரி காணாமல் போய்க் கலங்கல் குறையும், எண் விழும். 1:20 ஐதாக்கித் திருப்பி ஓட்டினால் ஆயிரக்கணக்கில வரும். மூண்டு பிளஸ் வந்த சலத்தை எப்பவும் ஐதாக்கித்தான் முதல்லயே விடோணும்.

தீவான் (#15)

15 பேர் என்றால் சலரோகக் கூட்டத்தை விடுங்கள். அவர்களில் மாற்றம் மெதுவாக வரும், ஆறு மாதத்தில் ஒன்றும் தெரியாது. லூபஸ் மட்டும் எடுங்கள். மார்க்கர் எம்சிபி-1.

காரணம் இது. லூபஸ் சிறுநீரக அழற்சியில் புரதம்தான் அளவுகோல்: சிகிச்சை தொடங்கி 3 மாதத்தில் 25 வீதம், 6 மாதத்தில் 50 வீதம் குறைய வேண்டும், 12 மாதத்தில் ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 0.5 – 0.7 கிராமுக்குக் கீழ் வர வேண்டும். ஒரு வருடத்தில் நாளுக்கு 0.7 – 0.8 கிராமுக்குக் கீழ் வந்தவர்களின் சிறுநீரகம் பிறகும் நன்றாகவே நின்றது. குறை எங்கே என்றால், புரதம் பழைய தழும்பாலும் கசியும், புது அழற்சியாலும் கசியும். நாளுக்கு 1 கிராமில் நிற்கிற ஆளுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோபினோலேற் மருந்தைக் கூட்டுவதா, ஸ்ரீரொயிட் குறைப்பதா என்று அந்த எண் சொல்லாது. திருப்பிச் செய்த பயொப்சிகளில் புரதம் குறைந்தும் அழற்சி மிஞ்சியிருப்பது, புரதம் இருந்தும் அழற்சி அடங்கியிருப்பது, இரண்டும் கண்டிருக்கிறார்கள். எம்சிபி-1, கரையும் சிடி163 போன்றவைக்கு வேலை இந்த இடைவெளியில்தான். 2005இல் வந்த தொடராய்வில் சல எம்சிபி-1 சிறுநீரக அழற்சி திரும்பக் கிளம்புவதற்கு 2 தொடக்கம் 4 மாதம் முன்பே ஏறத் தொடங்கியது.

ஆனால் 15 பேரை வைத்து "எல்லை இவ்வளவு" என்று எண் எழுத வேண்டாம். ஒவ்வொரு ஆளையும் அவரோடு மட்டும் ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று. ஆறாம் மாதம் புரதத்தை மட்டும் பாருங்கள், அதற்கு எலைசா வேண்டாம். மூன்றாம் மாத எம்சிபி-1 விழுந்தவர்களுக்கு ஆறாம் மாதப் புரதம் விழுந்ததா என்பது ஒரே கேள்வி.

கற்கண்டு (#16)

ஏசிஆர் சரியா இருந்தால் பயமில்லை எண்டு இந்த இழையை வாசிக்கிற ஆரும் எடுத்திடுவினம், அதுக்காக ஒரு எதிர்க்கதை. வட மத்திய மாகாணத்தில தொண்ணூறுகளில தெரிய வந்த, வவுனியாப் பக்கமும் கண்ட, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் சிறுகுழலையும் இடையிழையத்தையும் பிடிக்கிறது. தொடக்கத்தில அல்புமின் கொஞ்சம்தான், ஸ்ரிப்பில புரதக் கட்டம் மஞ்சளாவே நிக்கும். ஆடுதின்னாப்பாளை சேர்த்த மருந்தும் அப்பிடித்தான், அதில இருக்கிற அரிஸ்ரொலோக்கிக் அமிலம் அண்மைச் சிறுகுழலை அரிக்கும். அப்பிடியான ஆக்களுக்கு, சிறுகுழல் பழுதானால் சலத்தில கசியிற சின்னப் புரதமான அல்பா-1 மைக்ரோகுளோபுலின் கேக்கலாம். பீற்றா-2 மைக்ரோகுளோபுலினைக் கேக்காதேங்கோ, பிஎச் 6க்குக் கீழ போனால் அது சலப்பைக்குள்ளயே சிதைஞ்சு, இல்லை எண்டு பொய் சொல்லும். ஸ்ரிப்பில ஒண்டுமில்லை, மொத்தப் புரதம் பாக்கக் கூட எண்டு வந்தால் ஒண்டில் சிறுகுழல், இல்லாட்டி மைலோமாவின்ர (எலும்பு மச்சைப் புற்று) மென்சங்கிலி எண்ட புரதத்துண்டு. இரண்டையும் தேடோணும்.

ஏழாலை_எம்எல்ரி (#17)

சரியான இடத்தில வந்து சொன்னியள்.

வடலி (#18)

அப்ப முடிவு: லூபஸ் மட்டும், 15 பேர், எம்சிபி-1, இரண்டு தரம். கிரியற்றினினால பிரிக்கிறது பற்றி ஒரு சந்தேகம். எம்சிபி-1 மி.லீ. க்கு 240 பிக்கோகிராம், கிரியற்றினின் 80 மி.கி./டெ.லீ. எண்டால் 240 ஐ 80ஆல பிரிச்சு 3 எண்டு எழுதுறதோ?

குளிர்ப்பெட்டி (#19)

இல்லை, அலகைப் பாருங்கோ. 80 மி.கி./டெ.லீ. எண்டால் மி.லீ. க்கு 0.8 மி.கி. 240 ஐ 0.8ஆல பிரிச்சால் ஒரு மி.கி. கிரியற்றினினுக்கு 300 பிக்கோகிராம். இரண்டு ஆய்வை ஒப்பிடேக்க நூறு மடங்கு வித்தியாசம் இப்பிடித்தான் வாறது. றிப்போட் மி.மோலில எண்டால் 80 எண்டது 7.07.

தீவான் (#20)

பிரிப்பதில் இன்னொரு கவனம். கிரியற்றினின் தசையிலிருந்து வருகிறது. ஸ்ரீரொயிட் மூன்று மாதம் எடுத்து தசை கரைந்த பெண்ணுக்குக் கீழ் எண் குறையும், அதனாலேயே விகிதம் ஏறும். கிரியற்றினின் நாளுக்கு நாள் ஏறுகிற திடீர்ச் செயலிழப்பில் விகிதத்தையே நம்பக்கூடாது, சலத்துக்கு வருகிற கிரியற்றினினும் நிலையில்லாமல் இருக்கும். ஆகவே மூல எண், கிரியற்றினின், விகிதம் மூன்றையும் தனித்தனி நிரலில் வையுங்கள். நிறையையும் எழுதுங்கள்.

ஏழாலை_எம்எல்ரி (#21)

ஆக்களின்ர இரண்டு தரச் சலத்தையும் ஒரே பிளேற்றில, பக்கத்துப் பக்கத்துக் குழியில போடுங்கோ. முதல் தரம் இண்டைக்கு, இரண்டாம் தரம் மூண்டு மாதம் கழிச்சு வேற பிளேற்றில எண்டால் வித்தியாசம் ஆளிலயோ கிட்டிலயோ எண்டு தெரியாது. கிட் முடிவுத் திகதி அதுக்குத் தாங்குமோ எண்டு வாங்கமுதல் கேளுங்கோ. கடைசி ஆளின்ர மூண்டாம் மாதம் வரைக்கும் –80இல காத்திருக்க வேணும்.

குளிர்ப்பெட்டி (#22)

ரியூபில சாதாரண பேனையால எழுதாதேங்கோ, –80இல இருந்து எடுத்துத் தண்ணித் தொட்டியில வைக்கேக்க மை கழண்டு எல்லாம் ஒரே ரியூபாகும். குளிர் தாங்கிற ஒட்டுத்தாளில பென்சிலால இலக்கம், திகதி, முதல் தரமோ இரண்டாம் தரமோ எண்டு. அதே இலக்கம் மூடியிலயும். பெட்டியின்ர கட்ட வரைபடத்தை வெளியில கொப்பியில வையுங்கோ, பிறீசருக்குள்ள கடதாசி வைக்கிற ஆக்களும் இருக்கினம்.

வடலி (#23)

சரி அக்கா. கொப்பி வாங்கியாச்சு. கிட் வித்த இடத்தில முடிவுத் திகதி கேட்டன், வாங்கி ஆறு மாதம்தான் இருக்காம். ஆக்களைச் சேர்க்கத் தொடங்கி, கடைசி ஆள் மூண்டாம் மாதம் வாற கிழமைதான் கிட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன்.